பேஸ்பால் வீடியோ கேமில் எல்லா வகைப் பந்தும் மாற்றி மாற்றி வீசியும் அடி விழுகிறது. பிட்ச்சிங்கை எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 'எம்எல்பி தி ஷோ' ஆடுகிறேன், பேட்டிங் ஓரளவு பிடிபட்டுவிட்டது, ஆனால் பிட்ச்சிங்கில் ஐந்து வகைப் பந்தையும் மாற்றி மாற்றித்தான் வீசுகிறேன், அப்படியும் நான்காவது இன்னிங்ஸுக்குள் ஐந்தாறு ரன் போய்விடுகிறது, எங்கே தப்பு?

இந்த கேமில் எனக்குப் பேட்டிங்கை விடப் பிட்ச்சிங்தான் பிடிக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'மாற்றி மாற்றி' என்று சொன்னீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பந்தின் வகை மாறிவிட்டால் பேட்டர் ஏமாந்துவிடுவார் என்று எல்லோருமே முதலில் நினைக்கிறோம். நிஜ ஆட்டத்தில் மரியானோ ரிவேராவைப் பாருங்கள். பெரும்பாலும் கட்டர் (கடைசி நேரத்தில் லேசாகப் பக்கவாட்டில் விலகும் வேகப் பந்து) என்கிற ஒரே பந்தை வைத்துக்கொண்டு 652 சேவ் எடுத்தவர், அதாவது அத்தனை ஆட்டங்களில் கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காத்து முடித்தவர். அடுத்து என்ன வரப்போகிறது என்று பேட்டருக்கு முன்கூட்டியே தெரியும், ஆனாலும் அடிக்க முடியவில்லை. ஐந்து வகை கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் அடுத்து எந்தப் பந்து என்று யோசிப்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதிரில் இருப்பவர் கடைசியாக எதைப் பார்த்தார், அதனால் அவருடைய கட்டைவிரல் இப்போது எங்கே நிற்கிறது?

கட்டைவிரல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தி ஷோவில் சோன் ஹிட்டிங் முறையில் ஆடுபவர் இடது ஸ்டிக்கைத் தள்ளி, பிசிஐ என்கிற குறியைப் பந்து வரும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதே சமயம் சரியான நொடியில் பட்டனையும் அழுத்த வேண்டும். இடம் ஒன்று, நேரம் ஒன்று, ஆக இரண்டு வேலை. பிட்ச்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடிதான் எடுக்கும். அவ்வளவு நேரத்தில் யாராலும் பந்தை முழுதாகப் பார்த்து, யோசித்து, பிறகு விரலை நகர்த்த முடியாது. பாதி வேலையை முன்கூட்டியே ஊகித்து வைத்திருப்பார்கள். அந்த ஊகம் பெரும்பாலும் போன பந்தை வைத்துத்தான் அமையும். மேலே ஒரு பந்து பார்த்தவரின் விரல் மேலே போகத் தயாராக இருக்கும். மெதுவான பந்துக்கு அவசரப்பட்டு ஏமாந்தவர் அடுத்ததற்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் அழுத்துவார்.

ஆக, ஒவ்வொரு பந்தும் அடுத்த பந்துக்குப் போடும் அடித்தளம். ஒரு சந்தர்ப்பத்தை அப்படியே சொல்கிறேன், புரியும்.

ஆன்லைன் ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். எனக்கு ஒரு ரன் முன்னிலை. இரண்டு பேர் அவுட், இரண்டாம் பேஸில் ஓர் ஆள். என் பிட்ச்சர் வலக்கை, பேட்டர் இடக்கை. முதல் பந்து, ஃபோர் சீம் ஃபாஸ்ட்பால் (நேராக வரும் வேகப் பந்து), வெளிப்பக்கக் கீழ் மூலையில். அவர் ஆடவில்லை, ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). இரண்டாவது, அதே இடத்துக்கு, ஒரு பந்தின் அளவு இன்னும் கீழே, சேஞ்சப். கையை விட்டு வரும்போது முதல் பந்து மாதிரியே இருக்கும், ஆனால் எட்டுப் பத்து மைல் வேகம் குறைவு. அவர் அவசரப்பட்டுச் சுழற்றினார், பந்து முதல் பேஸ் கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போனது. இடக்கை பேட்டர் அந்தப் பக்கம் ஃபவுல் அடித்தால் அவர் பந்துக்கு முந்திவிட்டார் என்று அர்த்தம். கவுண்ட் 0-2 (முதல் எண் பால், அடுத்தது ஸ்டிரைக்).

இந்த இடத்தில் நிறைய பேர் இன்னொரு சேஞ்சப் போடுவார்கள். ஏமாந்தாரே, மறுபடியும் ஏமாறுவார் என்ற கணக்கு. ஆனால் அவர் இப்போது கீழே பார்த்துக்கொண்டு, பொறுத்து அடிக்கத் தயாராக நிற்கிறார். அதனால் மூன்றாவது பந்தை உள்பக்கம், நெஞ்சு உயரத்தில், ஸ்டிரைக் சோனுக்கு (பிளேட்டுக்கு மேலே, ஸ்டிரைக்காகக் கணக்காகும் பகுதி) சற்று மேலே ஃபாஸ்ட்பாலாகப் போட்டேன். அவர் ஆடவில்லை, சோனுக்கு வெளியே போனதால் அது 'பால்'. பரவாயில்லை. அந்தப் பந்தால் ஸ்டிரைக் வாங்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, அவர் கண் மேலே போனால் போதும். கவுண்ட் 1-2. நான்காவதாக கர்வ்பால். அது கிளம்பும்போது முந்தைய ஃபாஸ்ட்பாலின் பாதையில்தான் கிளம்பும், பாதி வழிக்கு மேல்தான் சரியும். அவர் விரல் மேலேயே நின்றுவிட்டது. பந்து முழங்காலுக்குக் கீழே போய் விழுந்தது, அவர் அதற்கு மேலே காற்றை வெட்டினார். இன்னிங்ஸ் முடிந்தது.

இதில் மூன்று வகைப் பந்துதான் இருக்கிறது. வேலை செய்தது, ஒவ்வொன்றும் எதற்குப் பிறகு வந்தது என்பதுதான். முதல் பந்தாகவே அந்தக் கர்வ்பாலைப் போட்டிருந்தால் அவர் ஆடாமல் விட்டிருப்பார், எனக்கு ஒரு பால்தான் போயிருக்கும்.

இப்போது, எதிராளியின் விரல் எங்கே நிற்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்? பந்து போன விதமே சொல்லிவிடும். பின்பக்கம் உயரே எழும்பும் ஃபவுல், உள்ளுக்குள்ளேயே மேலே எழும்பும் பாப் அப், இதெல்லாம் வந்தால் அவருடைய குறி பந்துக்குக் கீழே இருந்திருக்கிறது. தரையில் உருளும் பந்துகளாக அடித்தால் குறி பந்துக்கு மேலே இருந்திருக்கிறது. வலக்கை பேட்டர் மூன்றாம் பேஸ் பக்கம் ஃபவுல் அடித்தால் அவசரம், முதல் பேஸ் பக்கம் அடித்தால் தாமதம். இடக்கைக்கு இது அப்படியே தலைகீழ். தாமதமாக அடிப்பவருக்கு மெதுவான பந்தைப் போடுவது அவருக்கு நாமே உதவி செய்வது போல. எனக்கு இந்தக் கணக்கு பழக்கமாக நாள் பிடித்தது, ஆனால் என் ஆட்டத்தை மாற்றியது வேறு எதுவும் இல்லை, இதுதான்.

அப்புறம் குறி வைக்கும் விஷயம். நீங்கள் எந்தப் பிட்ச்சிங் முறையில் ஆடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஓடும் அளவுகோலைப் பார்த்துப் பட்டன் அழுத்தும் மீட்டர் முறையில் ஆடினாலும் சரி, 2021 பதிப்பில் வந்த பின்பாயிண்ட் முறையில் ஆடினாலும் சரி, ஒவ்வொரு பந்தும் நினைத்த இடத்துக்குப் போகாது. அதனால் தவறினால் எந்தப் பக்கம் தவற வேண்டும் என்பதை வீசும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஸ்டிரைக் சோனின் கோட்டுக்கு உள்ளே குறி வைத்தால், தவறும் பந்துகளில் ஒரு பங்கு நடுவில் போய் உட்காரும். நடுவில் உட்காரும் பந்து அடிபட்டு மைதானத்துக்கு வெளியேதான் போய் விழும். கோட்டின் மேலேயே, அல்லது அரைப் பந்து வெளியே குறி வையுங்கள். தவறினால் ஒரு பால் போகும், அவ்வளவுதான். ஹோம் பிளேட் 17 அங்குல அகலம்தான், அதன் நடுப்பகுதியை எதிராளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மேலே மிதந்து நிற்கும் கர்வ்பாலும் ஸ்லைடரும் (பக்கவாட்டில் வளையும் பந்து) இன்னும் ஆபத்து. அவற்றைக் குறி வைக்கும்போது எப்போதும் நினைப்பதை விட ஒரு படி கீழே வையுங்கள்.

பின்பாயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. வலது ஸ்டிக்கால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வடிவம் வரைந்து, சரியான தருணத்தில் முடிக்க வேண்டும். முதல் சில நாள் கை வராது. ஆனால் பழகிவிட்டால் நான் மேலே சொன்ன 'ஒரு பந்து கீழே' மாதிரியான துல்லியம் அதில்தான் கிடைக்கிறது. பயிற்சி முறைக்குப் போய் ஃபாஸ்ட்பால், சேஞ்சப் இரண்டை மட்டும் முதலில் கைவசப்படுத்துங்கள். நன்றாக வரையத் தெரிந்த இரண்டு பந்து, அரைகுறையாகத் தெரிந்த ஐந்தை விட மேல்.

கவுண்ட் பற்றி எல்லோரும் அட்டவணை போட்டுச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்று மட்டும் உறுதி: 2-0, 3-1 மாதிரி பின்தங்கி நிற்கும்போது எதிராளி ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருப்பார். அந்த நேரத்தில் ஸ்டிரைக் போட்டே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் நடுவில் ஒரு ஃபாஸ்ட்பாலைப் போட்டுவிடுகிறோம். உங்கள் ஐந்தாறு ரன்னில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கவுண்டில் கீழ் விளிம்பில் ஒரு சேஞ்சப், அல்லது கையோரம் உள்ளே வரும் சிங்கர் (கீழே தாழ்ந்து இறங்கும் வேகப் பந்து) போட்டுப் பாருங்கள். வாக் (நான்கு பால் ஆகி, பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) ஆனாலும் ஆகட்டும். முதல் பேஸ் காலியாக இருந்து, எதிரில் நிற்பவர் நல்ல பவர் ஹிட்டராக இருந்தால், வாக் என்பது தோல்வியே இல்லை. அடுத்தவருக்குக் கீழே ஒரு சிங்கர் போட்டு, தரையில் உருட்ட வைத்தால் டபுள் பிளே, அதாவது ஒரே அடியில் இரண்டு அவுட், கிடைக்கலாம்.

கை விஷயம் சுருக்கமாக: பிட்ச்சரும் பேட்டரும் ஒரே கை என்றால் ஸ்லைடர் பேட்டரை விட்டு விலகி ஓடும், அதை நம்பலாம். எதிர்க் கை என்றால் அதே ஸ்லைடர் அவரை நோக்கி வரும், பாதத்துக்கு அருகே போட முடிந்தால் சரி, இல்லாவிட்டால் அடிதான். எதிர்க் கைக்குச் சேஞ்சப்பே பாதுகாப்பு.

கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடுவதும் மனிதருக்கு எதிராக ஆடுவதும் ஒன்றல்ல. கம்ப்யூட்டர் கீழ்நிலைகளில் சோனுக்கு வெளியே போகும் பந்தையும் துரத்தும். ஹால் ஆஃப் ஃபேம், லெஜண்ட் நிலைகளுக்குப் போகப் போக அது பொறுமையாகிவிடும், நூலிழையில் வெளியே போகும் பந்தைக் கூட விட்டுவிடும். அங்கே விளிம்பில் நிஜமாகவே ஸ்டிரைக் வீசத் தெரிய வேண்டும். மனிதருக்குப் பழக்கங்கள் உண்டு. சிலர் முதல் பந்தையே ஆடுவார்கள். சிலர் விரலை நடுவிலிருந்து நகர்த்தவே மாட்டார்கள். சிலர் ஹோம் ரன் ஆசையில் எப்போதும் மேலேயே காத்திருப்பார்கள். எதிரணியின் பேட்டர் வரிசை முதல் முறை சுற்றி வரும்போது நான் இதைத்தான் கவனிப்பேன். அதற்காக ஒன்றிரண்டு ஹிட் போனாலும் கவலைப்பட மாட்டேன்.

மூன்றாவது சுற்றில் நிலைமை மாறும். நிஜ பேஸ்பாலிலும் ஒரே பிட்ச்சரை மூன்றாம் முறை சந்திக்கும் பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள், பார்த்துப் பழகிவிடுகிறது. கேமில் கூடவே ஸ்டாமினாவும் குறைந்திருக்கும், குறி தவறும். நன்றாக வீசிக்கொண்டிருக்கிறாரே என்று ஆறாவது ஏழாவது இன்னிங்ஸில் அவரையே வைத்திருக்காதீர்கள். மாற்றும்போது வேறு மாதிரி ஆளைக் கொண்டுவாருங்கள். மேலிருந்து வேகமாக வீசியவருக்குப் பிறகு பக்கவாட்டில் கையைத் தாழ்த்தி வீசுபவர் வந்தால், எதிராளி அதுவரை சேர்த்து வைத்த ஊகம் எல்லாம் பயன்படாமல் போகும்.

வேகம் குறைந்த பிட்ச்சர்தான் இருக்கிறார் என்று கவலைப்பட வேண்டாம். கிரெக் மேடக்ஸ் 1992 முதல் 1995 வரை தொடர்ந்து 4 முறை சை யங் விருது (ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான விருது) வாங்கினார், மொத்தம் 355 வெற்றி. அவர் ரேடாரை மிரட்டும் வேகக்காரர் அல்ல. இடத்தையும் வேகத்தையும் மாற்றி, அடிப்பவரின் நேரத்தைக் குலைத்தே ஜெயித்தார். கேமில் அப்படிப்பட்ட பிட்ச்சரை வைத்து ஆடிப் பாருங்கள், நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். 100 மைல் வீசுபவரை வைத்து ஆடும்போது நம் தவறுகளை அந்த வேகம் மறைத்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருவருடன் அடுத்தடுத்து பல ஆட்டம் ஆடினேன். 0-2 வந்தால் நான் எப்போதும் வெளியே கீழே ஒரு ஸ்லைடர் போடுவேன், அது எனக்கே தெரியாது. கடைசி ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, இரண்டு பேஸில் ஆள், கவுண்ட் 0-2. ஸ்லைடர் போட்டேன். அது மோசமான பந்து இல்லை, குறி வைத்த இடத்துக்கேதான் போனது. அவர் விரலை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். எதிர்த்திசை மூலையில் இரண்டு பேஸ் அடி, ஆட்டம் முடிந்தது. எதிராளியின் பழக்கத்தை நான் படிப்பது போல அவரும் என்னைப் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப ஆடும்போது பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகு யாருக்கு என்ன பந்து, எந்த இடத்தில் போட்டேன் என்பதை மட்டும் குறிப்பேன். ஒரே பந்து வரிசையாக மூன்று முறை வந்திருந்தால் நான்காவது முறை அதைத் தொடமாட்டேன்.