ஜெல் வலுவற்றது என்று மாத்திரையா?

கேள்வி (வாசகி, வயது 38, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்): துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுவதற்கு மருத்துவர் மெட்ரோனிடசோல் ஜெல் தந்தார். அது போதாது என்று எண்ணி, அதே மருந்தின் 400 மி.கி. மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, நாளுக்கு இரண்டாக இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இது புற்றுநோய் தரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வாயில் உலோகச் சுவை, பழுப்புச் சிறுநீர், சில நாட்களாகப் பாதங்களில் மதமதப்பு.

பதில்: புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள். நெடுங்காலம் அதிக அளவில் ஊட்டப்பட்ட எலிகளுக்குக் கட்டிகள் வந்தன; 60 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் உட்கொண்டுவரும் இம்மருந்தால் மனிதருக்குப் புற்றுநோய் வருவதாக உறுதிப்படவில்லை. உலோகச் சுவை மருந்தை நிறுத்தினால் போய்விடும். கண்கள் மஞ்சளாக இல்லையென்றால் பழுப்புச் சிறுநீரும் அப்படித்தான்.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய மதமதப்புதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இந்த மாத்திரையால் செய்யும் ஏழு நாள் சிகிச்சைக்கு மொத்தம் 5.6 கிராம் மருந்து போதும். நீங்கள் ஏறத்தாழ 48 கிராம் உட்கொண்டிருக்கிறீர்கள். மொத்த அளவு 42 கிராமைத் தாண்டியவர்களுக்குக் கால் நரம்புகள் பழுதாவது கூடுதலாகக் காணப்படுகிறது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை ஜெல்லும் வேண்டாம். உடனே நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பிவிடுகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் சென்று, சர்க்கரை, பி12 அளவுகளையும் பார்த்துவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லுங்கள். மருத்துவர் சீட்டைக் கேட்காமல் இரண்டு மாதம் இதை விற்ற கடைக்காரர் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

ஜெல் வலுவற்றது என்பது தவறான எண்ணம். பிறப்புறுப்பில் இயல்பான நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வரும் இத்தகைய வெள்ளைப்படுதலுக்கு, 0.75 சதவீத ஜெல்லை ஐந்து இரவுகள் வைப்பது ஏழு நாள் மாத்திரைக்கு ஏறத்தாழ இணையான பலன் தரும். மாத்திரையோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் சேரும் மருந்தின் உச்ச அளவு சுமார் இரண்டு சதவீதமே என்பதால், வயிற்றுக் குமட்டலும் நரம்புத் தொல்லையும் மிகக் குறைவு. ஆனால் உடலுறவால் பரவி இதேபோல் வெள்ளைப்படச் செய்யும் டிரைக்கோமோனாஸ் கிருமி சிறுநீர்க் குழாயிலும் சுற்றியுள்ள சுரப்பிகளிலும் ஒளிந்திருப்பதால் அதற்கு ஜெல் எட்டாது. அங்கே மாத்திரைதான், அதுவும் மருத்துவர் குறித்த நாட்களுக்கு மட்டும்.

வெள்ளைப்படுதல் இன்னும் நீடித்தால் மகப்பேறு மருத்துவரிடம் கசிவைச் சோதனைக்குக் கொடுங்கள். நரம்புத் தொல்லை இருப்பதைச் சொன்னால் அவர் வேறு மருந்தைத் தேர்வார். டிரைக்கோமோனாஸ் என்று முடிவு வந்தால் உங்கள் கணவருக்கும் அதே சமயத்தில் சிகிச்சை வேண்டும். அதை அவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.