விண்கலத்துக்குள் ஓடும் தரவு: வாசகர் கேள்வி பதில்

விண்கலத்தின் கேமராவிலிருந்து நினைவகத்துக்கும், அங்கிருந்து ரேடியோ பெட்டிக்கும் தரவைக் கொண்டுபோகும் கேபிள்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறு.

வீட்டு ஈதர்நெட் கேபிளே நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகிறது. கோடிகளைக் கொட்டிச் செய்யும் விண்கலத்தில் ஏன் 200 மெகாபிட் ஸ்பேஸ்வயர் என்ற விண்கலக் கேபிள் முறை?

முதலில் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். வீட்டு கேபிளின் முனையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் நாக்கு. ராக்கெட் அதிர்வை அது தாங்காது. கேபிள் மேல் உள்ள பிவிசி உறை வெற்றிடத்தில் ஆவியை விடும்; அந்த ஆவி கேமரா லென்ஸில் போய்ப் படியும். இவை இரண்டையும் நல்ல கனெக்டரும் வேறு உறையும் போட்டுச் சமாளித்துவிடலாம்.

உண்மையான காரணம் வேறு. சாதாரண ஈதர்நெட் சுவிட்சில் நெரிசல் வந்தால் பாக்கெட்டைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிடும். அதை மீட்டு மறுபடி அனுப்புவது மேலே ஓடும் மென்பொருளின் தலைவலி. கேமராவின் எஃப்பிஜிஏவில் (வேண்டிய சர்க்யூட்டை நாமே உள்ளே அமைத்துக்கொள்ளும் சிப்) அந்த மென்பொருளே இருக்காது. ஸ்பேஸ்வயரில் பெறும் பக்கம் 'இடம் இருக்கிறது' என்று சொல்லாமல் ஒரு பைட்டைக்கூட அனுப்ப முடியாது; ஆகவே நெரிசலால் எதுவும் தொலையாது. இதற்கான சர்க்யூட்டும் சின்னது, கதிர்வீச்சைத் தாங்கும் எஃப்பிஜிஏவின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

ஸ்பேஸ்வயரின் வேர், ஒன்றோடொன்று கம்பி வழியே பேசிச் சேர்ந்து கணக்குப் போடும் டிரான்ஸ்பியூட்டர் சிப்கள். அங்கிருந்து 1995இன் ஐஇஇஇ 1355 தரம் வந்தது. அதை ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் திருத்தியமைத்தது. 2003 ஜனவரியில் ஐரோப்பியத் தரமாக வெளியானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் இருப்பது இதுதான். நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ கலத்தில் இது 1553 என்ற பழைய, மெதுவான தரவுப் பாதையோடு சேர்ந்தே இருக்கிறது. அந்தச் சேர்க்கை இன்றும் நல்ல வழிதான்: கட்டளைகளுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் 1553, படங்களுக்கு ஸ்பேஸ்வயர். ஈதர்நெட்டும் விண்ணுக்குப் போகாமல் இல்லை. ஓரியன் கலத்தில் இருக்கிறது, ஆனால் யார் எப்போது பேசலாம் என்று நேரம் வகுத்துக் கொடுத்த ஈதர்நெட் அது.

'டேட்டா–ஸ்ட்ரோப்' என்கிறார்கள். ஒவ்வொரு பிட்டையும் எப்போது படிப்பது என்று துடிப்பால் சொல்லும் கிளாக் கம்பியைத் தனியாகப் போட்டால் போதாதா?

போடலாம், ஆனால் வேகம் கூடும்போது கிளாக்கும் தரவும் ஒன்றையொன்று முந்தத் தொடங்கும். அதற்குப் பதிலாகத் தரவோடு கூடவே ஓடும் ஸ்ட்ரோப் கம்பிக்கு ஒரே விதி: தரவு மாறாத பிட்டில் மட்டும் அது மாறும். இரண்டும் 0இல் இருக்கும்போது தொடங்கிப் பாருங்கள்:

டேட்டா: 0 1 0 0 1 1
ஸ்ட்ரோப்: 1 1 1 0 0 1
எக்ஸார்: 1 0 1 0 1 0

இரண்டையும் எக்ஸார் செய்தால் (இரண்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0) கிளாக் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பிட்டிலும் இரண்டில் ஒரே ஒரு கம்பிதான் மாறுகிறது. அதனால் கம்பிகளுக்குள் ஏறக்குறைய ஒரு முழு பிட் நேரம் வரை முன்பின் ஆனாலும் தாங்கும். தனிக் கிளாக் கம்பியில் தாங்குவது அரை பிட்தான். ரீசெட் செய்யும்போதும் இதே விதி: முதலில் ஸ்ட்ரோப்பை இறக்குங்கள், சற்று விட்டு டேட்டாவை இறக்குங்கள். இரண்டையும் ஒன்றாக இறக்கினால் எதிர்ப்பக்கம் குழம்பும்.

இரண்டு எஃப்பிஜிஏ போர்டுகளை ஸ்பேஸ்வயரில் இணைத்தோம். பல நேரம் தரவு ஓடும் 'ரன்' நிலைக்கே வருவதில்லை. வந்தாலும் 10 மெகாபிட்டில் ஓடி, 200 ஆக்கியதும் அறுகிறது. எங்கே பார்ப்பது?

இவை இரண்டு தனித்தனி நோய்கள். முதலாவதை ஆசிலாஸ்கோப்பில் நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். இணைப்பு எழும்போது 6.4 மைக்ரோ வினாடி ரீசெட், 12.8 மைக்ரோ வினாடி காத்திருப்பு. பிறகுதான் 'நல்' என்ற தரவில்லாத வெற்றுக் குறியீடுகளை அனுப்பத் தொடங்கும். பதிலுக்கு நல் வராவிட்டால் 12.8 மைக்ரோ வினாடியில் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆகவே 12.8 துடிப்பு, 19.2 மௌனம் என்று மாறி மாறித் தெரிந்தால், இந்தப் போர்டு பேசுகிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தின் நல் இதற்குப் புரியவில்லை.

அப்போது முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். 9 பின் மைக்ரோ-டி கனெக்டரில் டேட்டா வெளியீடு 9, 5; அது மறுமுனையில் 1, 6க்குப் போக வேண்டும். ஸ்ட்ரோப் வெளியீடு 8, 4. அது 2, 7க்கு. இந்தச் சோடிகளில் முதலில் சொன்னது பிளஸ். குறுக்காகப் போடாமல் நேராக ஒட்டிய கேபிள்தான் அதிகம் காணும் தவறு. அடுத்தது டேட்டா சோடியில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறுவது. கேபிள் சரியென்றால் பெறும் முனையில் 100 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேஸ்வயர் கம்பிகளை ஓட்டும் குறைந்த வோல்ட் மின் முறையான எல்விடிஎஸ் சுமார் 3.5 மில்லியாம்பியரை அதன் வழியே செலுத்துவதால் ஏறக்குறைய 350 மில்லிவோல்ட் தெரிய வேண்டும். இரட்டிப்பாகத் தெரிந்தால் ரெசிஸ்டர் இல்லை. பாதியாகத் தெரிந்தால் எஃப்பிஜிஏ உள்ளே ஒன்று, போர்டில் ஒன்று என இரண்டு இருக்கின்றன. போர்டுகளை வெவ்வேறு பவர் சப்ளையில் ஓட்டுகிறீர்கள் என்றால் கிரவுண்டையும் இணைத்துவிடுங்கள்; எல்விடிஎஸ் தாங்கும் கிரவுண்ட் வித்தியாசம் ஒரு வோல்ட் அளவுதான்.

இரண்டாவது நோய்க்கு வேறு இரண்டு இடங்கள். எல்லா ஸ்பேஸ்வயர் இணைப்பும் 10 மெகாபிட்டில்தான் எழும், பிறகுதான் வேகம் மாறும். அந்த மாற்றத்துக்காக நீங்கள் பிஎல்எல்லை (கிளாக்கை உருவாக்கும் சர்க்யூட்) திருப்பி அமைத்தால், அது பூட்டிக்கொள்ளும்வரை கம்பி அசையாது. 850 நானோ வினாடி எந்தக் கம்பியிலும் மாற்றம் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் 'அறுந்தது' என்று முடிவுகட்டிவிடும். வேகமான கிளாக்கை எப்போதும் ஓடவிட்டு, எத்தனை துடிப்புக்கு ஒரு பிட் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

அப்படியும் அறுந்தால் எஃப்பிஜிஏக்குள் பாருங்கள். 200 மெகாபிட்டில் ஒரு பிட் 5 நானோ வினாடி. போர்டில் டிரேஸ் ஒரு சென்டிமீட்டர் கூடினால் சுமார் 0.07 நானோ வினாடிதான் தாமதம். அதற்கு யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் எஃப்பிஜிஏ உள்ளே டேட்டா ஒரு வழியும் ஸ்ட்ரோப் ஊரைச் சுற்றி இன்னொரு வழியும் போனால் 2, 3 நானோ வினாடி போய்விடும். எக்ஸார் கேட்டையும் பிட்டைப் பிடித்து வைக்கும் முதல் ஃபிளிப்-ஃப்ளாப்களையும் இன்புட் பின்னுக்கு அருகில் இடம் குறித்துப் பூட்டுங்கள். இரு பாதைகளுக்கும் தாமத வரம்பு எழுதுங்கள். இதைச் செய்யாத டிசைன், ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

200 மெகாபிட் இணைப்பில் 150தான் வருகிறது. எங்கே போயிற்று மீதி?

எங்கும் போகவில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் பாரிட்டி பிட் ஒன்று, வகை சொல்லும் பிட் ஒன்று சேர்ந்து 10 பிட். அதனால் உச்சம் 160. இரு திசையிலும் தரவு ஓடினால், ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 'இடம் இருக்கிறது' என்ற 4 பிட் அனுமதியும் அதே கம்பியில் போக வேண்டும்: 84 பிட்டில் 64தான் உங்களுடையது. கணக்குப் போட்டால் 152.

ஒரு கருவி மெதுவானதும் ரவுட்டர் வழியாகப் போகும் மற்ற கருவிகளும் நின்றுவிடுகின்றன. ரவுட்டர் பழுதா?

ரவுட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்பேஸ்வயர் ரவுட்டர் பாக்கெட்டை முழுதாக வாங்கி வைத்துக்கொள்ளாது. முதல் பைட்டைப் பார்த்ததுமே வழியைத் திறந்துவிடும். பாக்கெட்டின் தலை ஓரிடத்தில் சிக்கினால், வால் பின்னால் உள்ள எல்லா இணைப்பையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். எதையும் தொலைப்பதில்லை என்ற குணத்துக்குக் கொடுக்கும் விலை இது.

செய்ய வேண்டியது: பெறும் பக்கத்தில் ஒரு முழு பாக்கெட்டுக்கு இடம் இருந்தால் மட்டுமே அதை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படத்தையே ஒரு பாக்கெட்டாக அனுப்பாமல் சில கிலோபைட்டுகளாக வெட்டுங்கள். ரவுட்டர் போர்ட்டின் வாட்ச்டாக் டைமரை ஓடவிடுங்கள்; தேங்கிய பாக்கெட்டை அது வெட்டி, 'பிழையோடு முடிந்தது' என்ற குறியைப் போட்டு வழியை விடுவிக்கும். அந்தக் குறியைப் பெறும் பக்கம் மதிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல டிசைன்களில் அதைச் சாதாரண முடிவாகவே எடுத்துக்கொண்டு அரைகுறைப் படத்தைச் சேமித்துவிடுகிறார்கள்.

ஸ்பேஸ்ஃபைபர் வந்துவிட்டதே, இனி ஸ்பேஸ்வயர் எதற்கு? கதிர்வீச்சில் கண்ணாடி இழை கறுத்துப் போகாதா?

ஸ்பேஸ்வயரின் வேகமான வாரிசான ஸ்பேஸ்ஃபைபர் தரம் 2019இல் வெளியானது. ஒரு தடத்தில் நொடிக்கு 6.25 கிகாபிட் வரை கொண்டுபோகலாம். 8 பிட்டை 10 பிட்டாக அனுப்பும் 8பி/10பி குறியீட்டுக்குப் போக 5 கிகாபிட் தரவு. 16 தடங்கள் வரை சேர்த்துக்கட்டலாம். நான்கில் ஒன்று செத்தால் மீதி மூன்றில் ஓட்டம் தொடரும். மேலே சொன்ன அடைப்புக்கும் மருந்து உண்டு: ஒரே இணைப்பில் 32 மெய்நிகர் சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி பஃபர், தனிப் பங்கு. ஒன்று அடைத்தால் மற்றது நிற்காது. பிட் பிழை வந்தால் இணைப்பை உடைக்காமல் வன்பொருளே மறுபடி அனுப்பிவிடும்.

ரேடார், பல நூறு நிறப்பட்டைகளில் படம் எடுக்கும் கேமரா போன்றவற்றுக்கு இதை எடுங்கள். நட்சத்திரக் கேமராவுக்கு ஸ்பேஸ்வயர் தாராளம். கிகாபிட் டிரான்ஸ்சீவருக்குக் கொடுக்கும் மின்சாரம் அங்கே வீண்.

பெயரில் ஃபைபர் இருந்தாலும் சுமார் 5 மீட்டர் வரை செம்புக் கம்பியிலேயே ஓடும். 100 மீட்டர் வேண்டுமென்றால்தான் கண்ணாடி. இழை கதிர்வீச்சில் மங்குவது உண்மை. பாஸ்பரஸ் சேர்த்த இழை விரைவில் மங்கும், அதைத் தவிர்த்து வாங்க வேண்டும். விண்கலத்தில் ஓடுவது சில மீட்டர்தான் என்பதால் இழப்பும் அந்த அளவுக்குத்தான். தொல்லை இழையைவிட அதன் முனையிலுள்ள ஒளி உணரியில் அதிகம்: புரோட்டான் ஒன்று அதில் பாய்ந்தால் இல்லாத பிட்டை இருப்பதாகக் காட்டும். ஒளி குறைவாக வரும் இணைப்பில் இது அடிக்கடி நடக்கும். எனவே ஒளி அளவை உணரியின் குறைந்தபட்ச வரம்பை ஒட்டி வைக்காமல் சில டெசிபெல் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.