எல்சி3 சிமென்ட்: கேட்டதும் சொன்னதும்

கல்லூரி மாணவி, திருச்சி: சிமென்ட் ஆலைகள் சூரிய மின்சாரத்துக்கு மாறினால் கார்பன் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராதும்மா. ஆலை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே இருப்பது. எதை எரித்துச் சுட்டாலும் அது வெளியே வரும். ஆகவே அந்தக் கல்லைச் சுட்டுச் செய்யும் கிளிங்கரையே, அதாவது சிமென்ட்டின் மூலப்பொருளையே, குறைத்தாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள இபிஎஃப்எல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கேரன் ஸ்க்ரிவனரும் கியூபாவில் ஃபெர்னாண்டோ மார்ட்டிரெனாவும் அப்படி உருவாக்கியதுதான் எல்சி3. சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் இந்த ஆய்வில் உண்டு. கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 போதும். சாதா போர்ட்லண்ட் சிமென்ட்டை (ஓபிசி) விடக் கார்பன் 30 முதல் 40 சதவீதம் குறைகிறது.

மேஸ்திரி, விழுப்புரம்: பாதிக்குப் பாதி மண்ணும் கல்பொடியும் போட்டா கட்டடம் நிக்குமாங்க?

நிக்கும்ணே. இது வயல் மண் இல்லை, கயோலின் என்ற கனிமம் உள்ள களிமண். 40 சதவீதம் கயோலின் இருந்தாலே போதும். சுட்ட களிமண்ணில் உள்ள அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிந்து புதுப் படிகங்களை உண்டாக்கி, நுண்துளைகளை அடைக்கிறது. ஏழாம் நாளிலேயே ஓபிசிக்கு இணையான பலம் வந்துவிடும். ஆனால் களிமண் தண்ணீரை இழுக்கும், கலவை சீக்கிரம் இறுகும். அதற்காகத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள்.

வீடு கட்டுபவர், நாகப்பட்டினம்: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர். கம்பி துருப்பிடிக்காமல் இருக்குமா?

உங்களுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். துளைகள் நுண்ணியவை என்பதால் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போவது ஓபிசியை விட மிகவும் மெதுவாகிறது. ஐஐடி மெட்ராஸ் சோதனைகளும் இதையே காட்டின.

இன்னொரு பக்கமும் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துக் கம்பியை அடையும். அதைத் தடுக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு இதில் குறைவு, அந்த விஷயத்தில் ஓபிசியே மேல். எனவே கம்பியைச் சுற்றிப் போதிய கான்கிரீட் இருக்கும்படி இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று நாள் தண்ணீர் விட்டுவிட்டு நிறுத்தும் பழக்கமும் ஆகாது. கலப்புச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456. எந்த ஆய்வகத்து முடிவும் காய்ந்துபோன தூணைக் காப்பாற்றாது.

ஒப்பந்ததாரர், கோவை: ஃபிளை ஆஷ் கலந்த பிபிசி சிமென்ட் இருக்கும்போது இது எதற்கு?

பிபிசி மோசமில்லை. ஆனால் அதிலுள்ள ஃபிளை ஆஷ் அனல்மின் நிலையத்துச் சாம்பல். நிலக்கரி குறையக் குறைய அதுவும் குறையும். களிமண் அப்படியல்ல.

அதே ஒப்பந்ததாரர்: மூட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

ஐஎஸ் 18189. எல்சி3க்கு 2023இல் வந்த இந்தியத் தரநிலை. அது இல்லாமல் 'பசுமை' என்று மட்டும் அச்சடித்திருந்தால் நான் வாங்க மாட்டேன்.

வீட்டுக்காரர், வேலூர்: நிலநடுக்கத்தைத் தாங்குமா?

அதைத் தாங்கவேண்டியது கம்பிக்கட்டு, சிமென்ட் அல்ல. தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கி 135 டிகிரி மடங்கித் தூணுக்குள் போயிருக்கிறதா என்று கான்கிரீட் போடுமுன் பாருங்கள். 90 டிகிரியில் நிறுத்தியிருந்தால் மறுபடி மடக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.