உண்மைக் கதையில் கற்பனைக் குற்றவாளி

கேள்வி: 1940இல் இலங்கையின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தன் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். விறுவிறுப்புக்காகக் கங்காணி ஒருவரைக் காட்டிக்கொடுத்தவராகக் காட்டலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: ஆதாரமில்லாமல் காட்டாதீர்கள். தோட்டத்தில் கங்காணி என்றாலே இன்னார் என்று ஊருக்குத் தெரியும். பெயரை மாற்றினாலும் பேரப்பிள்ளைகள் பழி சுமப்பார்கள்.

'டைட்டானிக்' (1997) படத்தில் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணிகளைச் சுடுகிறார். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 1998இல் படநிறுவனத்தார் ஸ்காட்லாந்திலுள்ள அவருடைய ஊருக்கே போய் வருத்தம் தெரிவித்து, அங்குள்ள பள்ளியில் அவர் நினைவாக வழங்கும் பரிசுக்கு 5,000 பவுண் கொடுத்தார்கள். காட்சி மட்டும் படத்தில் அப்படியே இருக்கிறது!

1940 ஜனவரித் துப்பாக்கிச்சூட்டை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கையை முதலில் படியுங்கள். பிறகு திரைக்கதை ஓரத்தில் காட்சிதோறும் 'அறிக்கை', 'வாய்மொழி', 'கற்பனை' என்று குறியுங்கள். கற்பனைக் காட்சியில் குற்றம் வந்தால் வெட்டுங்கள். இல்லையேல் தோட்டம், ஆண்டு, பெயர் மூன்றையும் மாற்றுங்கள்.