லீவரின் கடைசி இழுப்பு: பழைய கிளைடர்களின் பிரேக்கும் ஸ்கிட்டும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்வைசர் 2-33, ஷ்லைக்கர் ஏஎஸ்கே 13 பற்றியவை. முன்னது அமெரிக்காவில் 1965இலும் பின்னது ஜெர்மனியில் 1966இலும் முதலில் பறந்தன. இரண்டுமே இரண்டு பேர் உட்காரும் பயிற்சி கிளைடர்கள், அதாவது இன்ஜின் இல்லாத விமானங்கள்.

சக்கரம் இருக்கும்போது மூக்குக்கு அடியில் ஸ்கிட் என்ற சறுக்குச் சட்டம் எதற்கு?

ஆள் ஏறாத 2-33 வாலை ஊன்றிக்கொண்டு நிற்கும். முன்சீட்டில் ஒருவர் உட்கார்ந்ததும் மூக்கு தொப்பென்று இறங்கி ஸ்கிட்டில் உட்காரும். எடையின் மையம் சக்கரத்துக்கு முன்னால் நகர்ந்துவிடுவதுதான் காரணம். அந்த மூக்கைத் தாங்க ஏதாவது வேண்டுமே! இதற்கும் முந்தைய ஜெர்மன் பயிற்சி கிளைடரான எஸ்ஜி 38இல் சக்கரமே கிடையாது, இறங்குவது முழுக்க ஸ்கிட்டில்தான்.

2-33இல் நான் தரை தொடும்போதெல்லாம் டயர் கிறீச்சிடுகிறது, உடம்பு முன்னால் தள்ளப்படுகிறது. என் இறக்கம் அவ்வளவு மோசமா?

இறக்கம் சரியாகத்தான் இருக்கும், உங்கள் இடது கையைப் பாருங்கள். இந்த கிளைடரில் சக்கர பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இல்லை. இறக்கையில் டைவ் பிரேக்கை (காற்றைத் தடுத்து கிளைடரைச் சீக்கிரம் கீழே இறக்கும் தகடுகளை) திறக்கும் அதே லீவரைக் கடைசிவரை இழுத்தால் சக்கரமும் பிடிக்கும். ஏஎஸ்கே 13இலும் இதே ஏற்பாடுதான். உயரம் அதிகமாகிவிட்டது என்ற பதற்றத்தில் லீவரை முழுக்க இழுத்து, அப்படியே பிடித்தபடி தரை தொட்டால், பூட்டிய சக்கரத்தோடு இறங்குகிறீர்கள். நான் கற்றுக்கொடுத்த கிளப்பில் ஒரு மாணவர் தார் ஓடுதளத்தில் இப்படி இறங்கி, டயரின் ஓரிடத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த கிளைடர் உருளும்போதெல்லாம் தடக் தடக்கென்று சத்தம். பின்சீட்டில் இருந்த நானும் கவனிக்கவில்லை, பாதித் தவறு என்னுடையது.

செய்ய வேண்டியது இதுதான்: தரையில் நிற்கும்போது லீவரை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை கனக்கும். பிரேக் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தைக் கைக்குப் பழக்குங்கள். காற்றில் அதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கோலை) முன்னால் தள்ளி ஸ்கிட்டை அழுத்தலாமா?

அழுத்தலாம், நன்றாகவே நிற்கும். ஆனால் வேகம் குறைந்த பிறகு. ஸ்கிட் தரையில் அழுந்திவிட்டால் ரட்டரால் (வாலில் உள்ள திருப்பும் பலகையால்) திருப்புவது கடினம். முன்னால் ஆளோ வண்டியோ இருந்தால் விலகவும் முடியாது. மேடுபள்ளமான வயலில் வேகத்தோடு அழுத்தினால் ஸ்கிட் மண்ணில் குத்தும். ஈரப்புல்லில் இன்னொரு சிக்கல்: பூட்டிய சக்கரமும் வழுக்கும், ஸ்கிட்டும் வழுக்கும். அங்கே நீளமாக உருள இடம் விட்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஏஎஸ்கே 13 பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது. கேபிளை இறுக்கினால் போதுமா?

டிரம் பிரேக், அதிலும் பழசு. முதலில் பிரேக் ஷூவில் கிரீஸ் ஏறியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுக்கு தாராளமாக கிரீஸ் வைத்த புண்ணியவான் யாராவது இருப்பார். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கினால் இறக்கை பிரேக் முழுதாகத் திறக்கும் முன்பே சக்கரம் பிடித்துவிடும். லீவர் முன்னால் போய்ப் பூட்டிக்கொள்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். கையேட்டைப் பார்த்து, உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது.

புறப்படும்போது ஸ்கிட் தரையில் உரசிக்கொண்டே போகிறது. பரவாயில்லையா?

கூடாது. 2-33 நகரத் தொடங்கும்போதே ஸ்டிக் பின்னால் இருக்கட்டும். ஸ்கிட் எழும்பியதும் கொஞ்சம் தளர்த்தி, ஒற்றைச் சக்கரத்தில் சமன் பிடியுங்கள். முழுக்க இழுத்தபடியே விட்டால் வால் போய் அடிக்கும்.

ஸ்கிட்டின் அடித்தகட்டை எப்போது மாற்றுவது?

போல்ட் தலைகள் தேயத் தொடங்கும் முன்பே. தலை தேய்ந்துவிட்டால் ஸ்பேனருக்குப் பிடி இருக்காது, உளியைத்தான் எடுக்க வேண்டும்.