உரித்த சட்டையில் ஆணா, பெண்ணா?

கேள்வி: மெக்சிகோ சிவப்பு முழங்கால் டாரன்டுலா சிலந்தி வளர்க்கிறோம். கால் விரிவு 6 செ.மீ. அது உரித்த சட்டை காய்ந்து சுருண்டுவிட்டது. இதை வைத்து ஆணா பெண்ணா என்று பார்க்க முடியுமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முடியும். ஆனால் காய்ந்தபடியே பிரிக்காதீர்கள். வயிற்றுப் பகுதி வெங்காயச் சருகு மாதிரி. நமக்கு வேண்டிய இடத்தில்தான் முதலில் கிழியும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, இரண்டு மணி நேரம் ஊறப்போடுங்கள். லிக்விட் இல்லாவிட்டால் சட்டை நனையாமல் மிதக்கும். கையுறை அவசியம். வயிற்றின் அரிக்கும் முடிகள் சட்டையிலும் இருக்கும். கண்ணில் பட்டால் பெரும் தொல்லை.

ஊறியதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் உள்பக்கம் மேலே வரும்படி விரியுங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை புத்தக நுரையீரல்கள், அதாவது சிலந்தியின் சுவாச உறுப்புகள். தலைப்பக்கத்து இரண்டுக்கும் இடையே குறுக்காக ஒரு மடிப்பு ஓடும். அதன் நடுவில்தான் பார்க்க வேண்டும். பின் ஜோடிக்கு நடுவே தேடிவிட்டு, ‘ஒன்றுமில்லை, ஆண்தான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பெண்ணானால் அங்கே, ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் விந்துப்பை இருக்கும். இந்த இனத்தில் அது ஒற்றை, அகலமான மடல். ஊசி முனையால் நெம்பினால் தனியாக எழும்பும். அவிகுலேரியா என்ற வேறொரு டாரன்டுலா வகையில் இரண்டு தனித்தனிக் காம்புகளாக இருக்கும். ஆணானால் வெறும் மடிப்பு. சில ஆண்களுக்கு அதே இடத்தில் சிறு புடைப்பு இருந்து ஏமாற்றும் என்பதால், அதே இனத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் சிலந்தியின் அளவுக்கு 10 மடங்கு லென்ஸும், கண்ணாடிக்கு அடியில் மொபைல் டார்ச்சும் போதும். இன்னும் சின்னக் குஞ்சு என்றால் மைக்ராஸ்கோப் வேண்டும். அதில் மடல் கண்ணில் படவில்லை என்பதாலேயே ஆண் ஆகிவிடாது. அடுத்த சட்டை வரை பொறுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். விரித்தபடியே உலர்த்தி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று: உங்கள் சிலந்தி சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினத்தின் இனங்கள், சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, வளர்ப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் டாரன்டுலா மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டதா?
– வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: பெரும்பாலும் இல்லை, மல்லாந்துதான் சட்டை உரிக்கும். சாகும்போது நிமிர்ந்தபடியே கால்கள் வயிற்றுக்கு அடியில் சுருளும். தொடாதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். உரித்து முடித்து அது விலகிப் போனதும், நீண்ட இடுக்கியால் சட்டையை எடுங்கள். வெள்ளையாக இருக்கும் கோரைப்பற்கள் கறுக்கும்வரை இரை வேண்டாம். உயிருள்ள பூச்சி அதன் மெத்தென்ற புதுத் தோலைக் கடித்துவிடும்.