சார்லஸ் மிங்கஸ் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

அமெரிக்க ஜாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான மிங்கஸ், நான் இருபது வருடமாக விடாமல் கேட்டுவரும் மனிதர் என்பதால், வந்த கேள்விகளில் தெரிந்ததற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி: மிங்கஸ் வாசித்தது பேஸ் கிடாரா?

இல்லை, டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம், நாலு தந்தி. ஜாஸில் வயலின் போல வில்லால் இழைப்பது குறைவு, விரலால்தான் சுண்டுவார்கள்.

கேள்வி: முதலில் செல்லோ கற்றவராமே, ஏன் மாறினார்?

ஆமாம், வயலின் குடும்பத்து வாத்தியமான செல்லோதான் முதலில். மாறியதற்கு நிறம்தான் காரணம். 1922-ல் அரிசோனாவின் நோகாலெஸில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பையன் செல்லோவில் எவ்வளவு தேர்ந்தாலும் சிம்பொனி இசைக்குழுவில் இடம் கிடைப்பது நடக்காத காரியம். அந்த நிலைமையில்தான் நண்பர் பட்டி காலெட் அவரை பேஸ் பக்கம் இழுத்தார். ஆனால் செவ்வியல் பயிற்சியை அவர் விடவே இல்லை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் என்ற சிம்பொனி குழுவில் வாசித்திருந்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் ஐந்து வருடம் படித்தார். அவர் விரல் வேகத்துக்குப் பின்னால் அந்த ஐந்து வருடம் இருக்கிறது.

கேள்வி: பேஸ் பின்னால் நின்று தாளம் பிடிக்கிற வாத்தியம்தானே? அதில் என்ன முன்னோடி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1957-ல் பதிவான 'ஹைட்டியன் ஃபைட் சாங்' கேளுங்கள். ஆரம்பத்தில் பேஸ் தனியாக நிற்கிறது, கூட யாருமில்லை. மிங்கஸ் தந்தியை இழுத்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி இழுக்கிறார். அப்புறம் அந்த உருண்டு வரும் வரியைப் பிடித்துக்கொள்கிறார், டிராம்போன் என்ற ஊதும் பித்தளை வாத்தியம் வருகிறது, மற்றவர்கள் வருகிறார்கள், இடையில் மிங்கஸ் தொண்டை கிழியக் கத்துகிறார். மொத்தக் குழுவும் பேஸ் சொல்கிற வழியில் நடக்கிறது, அதுவும் பேஸ் வாசிப்பவரே இசையமைப்பாளராக நின்று நடத்தும்போது!

இன்னொன்று, குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த விதம். முறையாக எழுதத் தெரிந்தவர்தான். ஆனாலும் ஐம்பதுகளின் நடுவிலிருந்து பல நேரங்களில் தாளை வைக்காமல், பியானோவில் வாசித்தோ வாயால் பாடியோ காட்டி, அவரவர் பங்கை காதால் வாங்கிக்கொள்ள வைத்தார். தாளில் இருந்தால் தாளைத்தான் வாசிப்பார்கள், காதில் இருந்தால் அது தங்களுடையதாகிவிடும். என்னைக் கேட்டால் அவர் சாதனைகளில் இதுதான் பெரியது. இசைத்தட்டு நிறுவனங்களை நம்பாமல் 1952-ல் டிரம்மர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து 'டெபியூ' என்று சொந்த நிறுவனம் தொடங்கியதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: முரடர் என்கிறார்களே?

உண்மை, மழுப்ப மாட்டேன். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனை தெய்வமாக நினைத்தவர், 1953-ல் அவர் குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சக கலைஞர் ஹுவான் டிஸோலுடன் சண்டை போட்டு வேலையை இழந்தார். 1962-ல் செய்தது அதைவிட மோசம்: தன் டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை வாயில் குத்தி பல்லை உடைத்தார். ஊதுபவருக்கு வாய்தான் பிழைப்பு. அவர் இசையை எவ்வளவு நேசித்தாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அரசியல் பேசினாரா?

பேசினார், பெயர் சொல்லியே. 1957-ல் அர்கன்சாஸ் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்க தேசியக் காவல் படையை நிறுத்தினார். அதற்கு பதிலடிதான் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. 1959-ல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவில் சொற்கள் இல்லை. 1960-ல் கேண்டிட் நிறுவனத்துக்காக மறுபடி பதிவு செய்தபோது மிங்கஸ் கேள்வி கேட்க, டிரம்மர் டேனி ரிச்மண்ட் பதில் சொல்ல, ஆளுநரை நேரடியாகவே கேலி செய்து பாடினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்டது என்பது கதையா?

கதை இல்லை. நரம்புச் செல்கள் செயலிழந்து தசைகள் ஒவ்வொன்றாக முடங்கும் ஏ.எல்.எஸ். நோய் அவருக்கு வந்தது. விரல் போனது, பிறகு எழுதவும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பாடிப் பாடி இசையமைத்தார். 1979 ஜனவரி 5, மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில் இறந்தபோது வயது 56. அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் இந்தியா வந்து கங்கையில் அஸ்தியைக் கரைத்தார். அவர் வாழ்நாளில் முழுதாக அரங்கேறாத 'எபிடாஃப்', இரண்டு மணி நேரத்துக்கும் மேலான படைப்பு, 1989-ல்தான் நியூயார்க்கில் மேடையேறியது.

கேள்வி: எதிலிருந்து தொடங்க? போனில் கேட்டால் போதுமா?

'மிங்கஸ் ஆ உம்' ஆல்பம், 1959. அதில் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் மறைவுக்காக எழுதிய மெதுவான பாட்டை இரவில் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். டபுள் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. நல்ல ஹெட்போன் ஒன்று இரவல் வாங்கியாவது கேளுங்கள்.